காஜா பஸ்ஸில் வந்த பொம்மைகள்

இலஞ்சி
8-7-1957

தென்காசி அண்ணாச்சி அவர்களுக்கு நமஸ்காரம்.

நான் யாரென்று எழுதினால் இந்தக் கடுதாசியைக் கோபத்தில் கிழிப்பீர்கள். எழுதாவிட்டால் யாரோ எவளோ என்று கிழிப்பீர்கள். எப்படியும் கிழிபடப் போவதால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை முத்துவடிவு இருந்த வீட்டுக்கு, போன வைகாசியில் இரண்டாம் தாரமாக வந்தவள் நான். பெயர் குழல்வாய்மொழி. பிறந்த ஊர் இலத்தூர்.

நேற்றுச் சாயங்காலம் கண்டக்டர் காஜா பஸ்ஸை நிறுத்தி, ஒரு நடைவண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். "செண்பாவுக்கு அவ மாமா குடுத்துவிட்டாங்க. வேற ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். உங்கள் மருமகள் செண்பகவல்லி தவழ்ந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். முதல் வேலையாகச் சக்கரத்தைக் கடித்துப் பார்த்தாள். அப்புறம்தான் சிரித்தாள்.

வண்டி நன்றாக இருக்கிறது. சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஒரே ஒரு குறை. கைப்பிடி உயரமாகிவிட்டது. பிள்ளை எம்பிப் பிடிக்கிறாள், வண்டி முன்னே போகிறது, இவள் மூக்குத் தரையில் இடிக்கிறது. நீங்கள் அவளைப் பார்த்து வெகுநாளாகிறது அல்லவா, வளர்ந்திருப்பாள் வளர்ந்திருப்பாள் என்று நினைத்து உங்கள் மனசுக்குள்ளேயே கொஞ்சம் அதிகமாக வளர்த்துவிட்டீர்கள். அவள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு தென்னை ஈர்க்கை நறுக்கி வண்டியோடு காஜாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். கைப்பிடியை அந்த அளவுக்கு இறக்கித் தாருங்கள்.

ஈர்க்கு எதற்கு, நேரில் வந்து பார்த்தாலே போதும். தென்காசிக்கும் இலஞ்சிக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? வெற்றிலை போட்டு மென்று துப்புவதற்குள் பஸ் வந்துவிடும். நீங்கள் வாசலில் நின்று, "தங்கச்சிக்கு வருசம் திரும்பல, அதுக்குள்ள இன்னொருத்தியா? மாப்பிள்ள, இனி உம்ம வீட்டு நடைய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனதை ஊரே எனக்குச் சொல்லிவிட்டது. அந்தக் கோபம் உங்களுக்கும் உங்கள் மாப்பிள்ளைக்கும் நடுவில் இருக்கட்டும். தாய் இல்லாத பிள்ளைக்கு மாமன் முகமும் தெரியாமல் போக வேண்டுமா?

மரியாதையுடன்,
குழல்வாய்மொழி


தென்காசி
11-7-1957

இலஞ்சி வீட்டு அம்மாளுக்கு,

கைப்பிடியை இறக்கி அனுப்பியிருக்கிறேன். ஈர்க்கு அளவு சரியாக இருந்தது. அவள் இவ்வளவு சின்னதாகவா இருக்கிறாள்?

நான் மர மில்லில் கணக்கு எழுதுகிறவன். தொழில் தெரிந்த ஆசாரி இல்லை. மில்லில் விழுகிற துண்டுக் கட்டைகளில் எனக்குத் தெரிந்த அளவில் செய்கிறேன். வண்டி முழுவதும் வேப்பங்கட்டை. கசந்தால் கடிக்க மாட்டாள் என்று நினைத்தேன். சாயம் பூசவில்லை, தேங்காய் எண்ணெய் மட்டும் தேய்த்திருக்கிறேன். வாயில் வைத்தாலும் பயமில்லை.

வர இயலாது. கடிதப் போக்குவரத்தும் வேண்டாம். பிள்ளைக்குப் பல் எத்தனை முளைத்திருக்கிறது என்பதை மட்டும் காஜாவிடம் சொல்லி அனுப்பவும்.

சிவசைலம்


இலஞ்சி
2-8-1957

அண்ணாச்சிக்கு,

பல் கணக்கைக் காஜாவிடம் சொன்னேன். அவர் டிக்கெட் கணக்கோடு சேர்த்துக் குழப்பிவிடுவார் என்று பயமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். மேலே நான்கு, கீழே நான்கு. எட்டையும் உங்கள் வண்டியில் பதித்தாகிவிட்டது. வேம்பாவது கசப்பாவது! நக்கிவிட்டு முகத்தைச் சுளிக்கிறாள், மறுபடியும் நக்குகிறாள். உங்கள் தங்கை மகள் லேசுப்பட்டவள் இல்லை.

நடக்கிறாள், அண்ணாச்சி! முந்தாநாள் கோயில் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு கோழிகளை விரட்டினாள். கன்றுக்குட்டியின் காலில் ஏற்றி, அதுவும் கத்தி இவளும் கத்தி ஒரே ரகளை. பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள், "யாத்தி, என்னா ஓட்டம் ஓடுதா! பள்ளிக்கூடத்து வாத்தியார் மகளா இது, பஸ் டிரைவர் மகளா?" என்று கேட்கிறாள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று எழுதுகிறேன். காலையில் பள்ளிக்கூடம் புறப்படும் முன் அவர்கள் குந்தி உட்கார்ந்து வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறார்கள். நான் பார்த்தால் எழுந்து போய்விடுகிறார்கள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

சாரல் பிடித்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. தண்ணீரைக் கண்டால் பிள்ளை என் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறாள்.

குழல்வாய்மொழி


தென்காசி
15-9-1957

இலஞ்சி வீட்டு அம்மாளுக்கு,

வாய்க்காலில் வைக்க ஒரு நீர்ச்சக்கரம் செய்து அனுப்பியிருக்கிறேன். பலாக் கட்டை, தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் இற்றுப்போகாது. இரண்டு கவட்டைக் குச்சிகளை மண்ணில் ஊன்றி அச்சை மேலே வைத்தால் தானாகச் சுற்றும். பிள்ளையைக் கரையில் உட்கார வைத்து நீங்கள் கூடவே இருங்கள். ஒரு நிமிஷம்கூடத் தனியே விட வேண்டாம். இன்னொன்று கயிற்றில் ஏறுகிற குரங்கு. கயிற்றின் இரண்டு நுனியையும் மாற்றி மாற்றி இழுத்தால் மேலே ஏறும், விட்டால் இறங்கும்.

மாப்பிள்ளை எண்ணெய் விடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் நல்லவர் இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. முத்துவடிவு காய்ச்சலில் போன பிறகு, பிள்ளையை நான் வளர்க்கிறேன் என்று கேட்டேன். "கலியாணம் ஆகாத ஆம்பள, ஓட்டல் சாப்பாடு. கைப்பிள்ளைய எப்படி வளர்ப்பீரு?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருந்ததால்தான் கோபம் ஆறவில்லை.

நான் முதன்முதலில் உளி பிடித்தது முத்துவடிவுக்காக. சொப்புச் சட்டி வேண்டும் என்று அழுதாள். குடைந்து கொடுத்தேன். அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. "பரவால்லண்ணே, இது இட்லிச் சட்டி" என்றாள். ஏன் இதையெல்லாம் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

சிவசைலம்


இலஞ்சி
20-6-1958

அண்ணாச்சிக்கு நமஸ்காரம்.

ஒரு வருஷமாகப் பொம்மைகள் மட்டும் வருகின்றன, மனுஷர் வரக் காணோம். யானை வந்தது, கிளி வந்தது, மாட்டுவண்டி வந்தது. வண்டிமாடு இரண்டுக்கும் செண்பா வைக்கோல் போட்டுவிட்டு, ஏன் தின்னவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போயிருந்தோம். சீசன் கூட்டம், அருவிக்கரையில் கால் வைக்க இடமில்லை. செண்பா நீங்கள் செய்த குரங்கைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மண்டபத்து மேலே இருந்த நிஜக் குரங்கு ஒன்று இறங்கி வந்து, மற்றக் கையிலிருந்த பழத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. இவள் அழவில்லை. மரக்குரங்கை முதுகில் இரண்டு அடி வைத்து, "நீ பாத்துக்கிட்டு சும்மா நின்னியா?" என்று கேட்கிறாள். சுற்றி நின்றவர்களுக்குச் சிரித்து வயிறு வலித்தது. செண்பாவின் அப்பாகூடச் சிரித்தார்கள்.

இனி எழுதப் போவதைப் படித்து நீங்கள் வருத்தப்படுவீர்கள். எழுதாமலும் இருக்க முடியவில்லை. செண்பா காஜாவைத்தான் மாமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பொம்மை கொண்டுவருகிறவர் மாமா, காஜா கொண்டுவருகிறார், ஆகவே காஜா மாமா. பஸ் ஹாரன் கேட்டால், "மாமா வருதாங்க!" என்று தெருவுக்கு ஓடுகிறாள். காஜா பாவம், "நான் இல்லம்மா, ஒங்க மாமா தென்காசியில இருக்காங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார். முகத்தைக் காட்டாத மாமனை நான் எப்படி அவளுக்குப் புரியவைக்க?

என்னைச் சித்தி என்று கூப்பிடப் பழக்கியிருக்கிறேன். உங்கள் மனசு நோகக்கூடாது என்பதற்காகத்தான்.

குழல்வாய்மொழி


தென்காசி
25-8-1958

இலஞ்சி வீட்டு அம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு மாதமாக ஒரே வேலையில் உட்கார்ந்திருந்தேன். இத்துடன் வரும் பொம்மை அதுதான்.

மாமா யாரென்று செண்பாவுக்குத் தெரியாவிட்டால் போகிறது. அம்மா யாரென்று தெரிய வேண்டும். முத்துவடிவுக்குப் போட்டோ எதுவும் கிடையாது. கலியாணத்தில் எடுக்கலாம் என்று நான் சொன்னபோது ஆயுசு குறையும் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். ஆகவே என் ஞாபகத்தில் இருக்கிற முகத்தை மரத்தில் செதுக்கியிருக்கிறேன். மஞ்சணத்திக் கட்டை. அவள் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தால் இந்த நிறத்தில்தான் இருப்பாள். மூன்று முகம் கெட்டுப்போய் அடுப்பில் போட்டேன். நாலாவது முகம் வந்துவிட்டது.

செண்பாவிடம் "இதுதான் ஒன் அம்மா" என்று சொல்லிக் கொடுங்கள்.

சிவசைலம்


தென்காசி
13-10-1958

இலஞ்சி வீட்டு அம்மாளுக்கு,

பொம்மை வந்து சேர்ந்தது என்று ஒரு வரி எழுத உங்களுக்கு மனம் வரவில்லை. சரி, வேலை இருக்கும் என்று இருந்தேன். நேற்றுக் காஜாவைப் பிடித்துக் கேட்டேன். அதட்டியபிறகு சொன்னார். பிள்ளை கையில் அந்தப் பொம்மை ஒரு நாளும் இல்லையாம். "புதுப் பொம்மைய எங்கம்மா?" என்று காஜா கேட்டதற்கு, "சித்தி எடுத்துட்டா, தொடக்கூடாதுங்கா" என்று செண்பா சொன்னாளாம்.

யானை விளையாடலாம், குரங்கு விளையாடலாம், அவளைப் பெற்றவள் மட்டும் கண்ணில் படக்கூடாதா? இத்தனை நாள் அண்ணாச்சி அண்ணாச்சி என்று எழுதினீர்களே, அந்த வார்த்தையை நானும் நம்பிவிட்டேனே! செத்தவளோடு உங்களுக்கு என்ன போட்டி?

பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். பெரியம்மா மகள் ஒருத்தியை வீட்டோடு வைத்துக்கொண்டு நான் வளர்ப்பேன். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். பதில் வராவிட்டால் நாலு பெரிய மனுஷரைக் கூட்டி அனுப்புவேன்.

சிவசைலம்


இலஞ்சி
16-10-1958

அண்ணாச்சிக்கு,

கோபம் வந்தால் இப்படித்தான் எழுதுவீர்களா? போட்டியாம்! நான் பார்த்தே அறியாத ஒருத்தியோடு எனக்கு என்ன போட்டி? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், ஆகவே தைரியமாகப் படிக்கலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். பொம்மை வந்த அன்று துணியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டார்கள். ஒரு பார்வை பார்த்தார்கள். கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனவர்கள் விளக்கு வைக்கும்வரை திரும்பி வரவில்லை. அப்புறம் என்னிடம் கொடுத்து, "அவளேதான்" என்றார்கள். புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறீர்களாமே.

இந்த வீட்டில் சுமங்கலியாகப் போன உங்கள் தங்கைதான் எனக்குச் சாமி. சாமி அலமாரியில் அக்கா புடவை மடித்து வைத்திருக்கிறது. விடிந்ததும் அதற்கு ஒரு விளக்கு ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் நான் உலை வைக்கிறேன். மூத்தவளைக் கும்பிடாமல் இளையவள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னை இலத்தூரிலிருந்து அனுப்பினார்கள். நான் பயந்தும் கும்பிட்டேன், மனசாரவும் கும்பிட்டேன். ஒன்றரை வருஷமாகப் புடவையைக் கும்பிட்டவளுக்கு ஒரு நாள் முகமே வந்து சேர்ந்தால் என்ன செய்வாள்? மண்ணில் போட்டு இழுத்து விளையாடு என்று பிள்ளையிடம் கொடுப்பாளா? புடவைக்குப் பக்கத்தில் வைத்தேன். மஞ்சள் பூசினேன், குங்குமம் வைத்தேன், பூ வைத்தேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று தினமும் நினைத்தேன். "இதுதான் ஒன் அம்மா" என்று பிள்ளையிடம் சொல்ல வாய் வராமல் தள்ளிப்போட்டேன். அதில்தான் நாள் ஓடிவிட்டது.

செண்பா கை நீட்டியபோது, "தொடாதட்டி, சாமி கண்ணக் குத்தும்" என்று தட்டிவிட்டது நிஜம். அவளும் அலமாரிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். பொம்மையைப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். பெற்றவளை அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டேன் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபிறகுதான் உறைத்தது.

நேற்று, வெள்ளிக்கிழமையா விசேஷ நாளா என்று ஒன்றும் பார்க்கவில்லை. அலமாரி முன்னால் நின்று, "அக்கா, நீங்க சாமியா இருக்கது எனக்கு வேண்டியிருக்கு. பிள்ளைக்கு அது வேண்டாம் போல. கோவிச்சுக்கிடாம எறங்கி வாங்க" என்று சொன்னேன். பொம்மையை இறக்கி எடுத்தேன். குங்குமத்தைத் துடைக்க மனம் வரவில்லை. செண்பாவே எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டாள்.

இப்போது உங்கள் தங்கை பாடு கொண்டாட்டம்தான். வாய்க்காலில் குளிக்கிறார்கள், மண்சோறு சாப்பிடுகிறார்கள். இன்று மத்தியானம் செண்பா மடியில் போட்டுக்கொண்டு, "ஏட்டி, வாயத் தொறட்டி. தின்னலைனா காக்கா தூக்கிட்டுப் போயிரும்" என்று ஊட்டிக்கொண்டிருந்தாள். நீங்கள் சொன்னபடி, "இதுதான் ஒன் அம்மா" என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போ சித்தி, இது என் பாப்பா" என்கிறாள். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள். பெரியவளானதும் நானே உட்கார வைத்துச் சொல்கிறேன். இது சத்தியம்.

பிள்ளையைக் கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறீர்கள். விடமாட்டேன். நாலு பேர் இல்லை, நாற்பது பேர் வந்தாலும் விடமாட்டேன். எனக்குத் தாய் தகப்பன் கிடையாது. சித்தப்பா வீட்டில், சித்தி சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அந்த வீட்டில் சோறு இருந்தது, மடி இல்லை. இந்த வீட்டுக்கு வந்த அன்று எல்லோரும் என்னை எடைபோட்டுப் பார்த்தபோது, கையை நீட்டித் தூக்கச் சொன்னது அந்தப் பிள்ளை ஒன்றுதான். எனக்கு அவள் வேண்டும். உங்களுக்கும் வேண்டும் என்றால் இங்கே வாருங்கள். தை மாசம் இலஞ்சிக் குமாரர் கோயிலில் காதுகுத்து வைத்திருக்கிறோம். மாமன் மடி இல்லாமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்துவார்கள்?

குழல்வாய்மொழி


தென்காசி
22-10-1958

அன்புள்ள குழல்வாய்மொழிக்கு,

கடிதத்தை மில்லில் வைத்துப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. கண்ணில் மரத்தூள் விழுந்துவிட்டது என்று முதலாளியிடம் சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பவில்லை.

வார்த்தையைக் கொட்டிவிட்டேன். அள்ள முடியாது. மன்னிக்க வேண்டும். நாலு பேரும் வரமாட்டார்கள், நாற்பது பேரும் வரமாட்டார்கள்.

மஞ்சணத்தி அதிகத் தண்ணீர் தாங்காது. குளிப்பாட்டினால் நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள். வெடித்துப் போனாலும் போகட்டும், அவள் கையில் இருக்கட்டும். பாப்பா என்றே கூப்பிடட்டும். முத்துவடிவுக்கு இப்படி ஒரு அம்மா கிடைத்தாளே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன். சித்தி என்று கூப்பிடச் சொல்லி நான் எப்போது கேட்டேன்? இனி உங்களை அம்மா என்று கூப்பிடச் சொல்லுங்கள். முத்துவடிவு கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு இளையவள்தானே.

தையில் கோயிலுக்கு வருகிறேன். கம்மலும் பட்டுப் பாவாடையும் மாமன் சீராக நான் கொண்டுவருவேன். ஆனால் கோயிலோடு சரி. வீட்டுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

சிவசைலம்


இலஞ்சி
20-4-1959

அண்ணாச்சிக்கு அநேக நமஸ்காரம்.

தையிலேயே எழுதியிருக்க வேண்டிய சண்டைக் கடிதம் இது. சண்டை போடத் தெம்பில்லாமல் மசக்கையில் படுத்துவிட்டேன். ஆமாம், நல்ல செய்திதான். முதலில் சண்டையை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

காதுகுத்தன்று உங்கள் மடியில் உட்காரமாட்டேன் என்று செண்பா காஜாவைப் பார்த்து, "மாமா, மாமா" என்று கையை நீட்டி அழுதாளே, அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். காஜா குனிந்து, "கண்ணு, யான செஞ்சது யாரு? இந்த மாமாதான். வண்டி செஞ்சது? இந்த மாமாதான்" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் உங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே. உளி பட்ட காயத்தைத் தொட்டு, "வலிக்கா?" என்று கேட்டாளே. இரண்டு காதும் குத்தி முடியும்வரை உங்கள் கட்டைவிரலை விடவில்லை. அதற்கப்புறம் எந்தக் கல்நெஞ்சுக்காரராவது சாப்பிடாமல் பஸ் ஏறுவாரா? சொதியும் இஞ்சித் துவையலும் வைத்து, உங்களுக்கு முதல் இலை போட்டு வைத்திருந்தேன். இலை வாடும்வரை ஒருவரையும் உட்கார விடவில்லை.

அவர்கள் கோயில் வாசல்வரை உங்கள் பின்னாலேயே வந்தார்கள். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகளை அதட்டுகிற வாய்க்கு உங்களைக் கூப்பிட ஒரு சொல் வரவில்லை. வீட்டுக்கு வந்து, "நான் கூப்பிட்டிருக்கணும்" என்றார்கள். கூப்பிட்டிருக்க வேண்டும்தான். நீங்களும் திரும்பியிருக்க வேண்டும். சண்டை முடிந்தது.

இப்போது என் காரியம். வைகாசியில் ஏழாம் மாசம். வளைகாப்புக்குத் தாய்வீட்டிலிருந்து வர வேண்டும். இலத்தூர்ச் சித்தப்பாவுக்குக் கடிதம் போட்டோம். வயல்வேலை, வரத் தோதில்லை என்று பதில் வந்தது. அவர்கள் கட்டிக்கொடுத்ததோடு கை கழுவிவிட்டார்கள், குற்றம் சொல்லிப் பயனில்லை. நேற்று முப்பிடாதியம்மாள் நாலு பெண்களுக்கு நடுவில் வைத்து, "ஏட்டி குழலு, தாய்வீடுன்னு ஒனக்கு யாரு இருக்கா? வளையல் கொண்டாந்து அடுக்க யாரு வருவா?" என்று கேட்டாள். கேலியில்லை, பாவம் பார்த்துத்தான் கேட்டாள். பாவம் பார்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் இல்ல? தென்காசியில எங்க அண்ணாச்சி இருக்காங்க. அவங்க வருவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னபிறகுதான் யோசித்தேன். உங்களைக் கேட்காமல் உங்களை அண்ணனாக்கி ஊரில் சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை இருந்த இடத்தில் இருந்துகொண்டு உங்களையும் எடுத்துக்கொள்கிறாள் என்று நினைக்காதீர்கள். எனக்கு உடன்பிறந்தவன் கிடையாது. என் வயிற்றில் இருக்கிறதற்கும் நாளைக்கு ஒரு மாமன் மடி வேண்டும். ஆசையில் வந்த வார்த்தை.

நீங்கள் வராவிட்டால் நான் பொய்க்காரி ஆவேன், அவ்வளவுதான். அதைத் தாங்கிக்கொள்வேன். அதற்காகச் செண்பாவுக்குப் பொம்மை அனுப்புவதை நிறுத்திவிடாதீர்கள். பஸ் சத்தம் கேட்டால் இப்போதும் ஓடுகிறாள். என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். முதல் நாள் கூப்பிட்டபோது வேறு யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன்.

குழல்வாய்மொழி


தென்காசி
24-4-1959

என் அன்புத் தங்கை குழல்வாய்மொழிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கண்டதும் ஓட்டல் குத்தாலிங்கத்திடம் போனேன். ஏழு வகைச் சாதம் கட்ட முடியுமா என்று கேட்டேன். "யாருக்கு அண்ணாச்சி விசேசம்?" என்றான். "தங்கச்சிக்கு வளைகாப்பு" என்றேன். "தங்கச்சியா? இன்னொரு தங்கச்சி இருக்கதச் சொல்லவே இல்லியே!" என்று கோபித்துக்கொண்டான். புளிசாதமும் எள்ளுச்சாதமும் அவன் பொறுப்பு. இனிப்புக்கு அவன் பெண்சாதி முன்வந்திருக்கிறாள். ஆம்பிளை வந்து வளையல் அடுக்க முடியாதே, ஆகவே எதிர்வீட்டுப் பாலம்மாள் ஆச்சி, என் பெரியம்மா மகள், இரண்டு பேரையும் கூட்டிவருகிறேன். மசக்கையில் உனக்கு எது பிடிக்கிறது, எது குமட்டுகிறது என்று உடனே எழுது. மாங்காய் வேண்டுமென்றால் இன்றைக்கே காஜாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஒரு கூத்தைக் கேள். கடிதம் வந்த அன்றே தொட்டிலுக்கு மரம் எடுத்து இழைப்புளி போட ஆரம்பித்தேன். பாலம்மாள் ஆச்சி சத்தம் கேட்டு ஓடிவந்து, "அறிவிருக்காலே ஒனக்கு? பிள்ளை பொறக்கதுக்கு முன்ன தொட்டில் செய்வானா எவனாவது?" என்று இழைப்புளியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்டால் தரமாட்டேன் என்கிறாள். ஆகவே ஒன்றும் செய்யவில்லை. மரத்தைப் பார்த்து மட்டும் வைத்திருக்கிறேன். நல்ல பலா, முடிச்சே இல்லை. பார்ப்பதில் தோஷமில்லை என்று ஆச்சியே சொல்லிவிட்டாள்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை பின்னால் வந்தது எனக்குத் தெரியும். செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று திரும்பவில்லை. அவரிடம் சொல். இல்லை, சொல்லாதே. வந்து நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீ பொய் சொல்லவில்லை, குழலு. முப்பிடாதியம்மாளிடம் நாளையும் நேரத்தையும் சேர்த்துச் சொல். என்னை அழைக்க யாரும் பஸ்ஸுக்கு வந்து நிற்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டு நடையை மிதிக்க மாட்டேன் என்றுதானே அன்றைக்குச் சொன்னேன்? தங்கச்சி வீட்டுக்கு வர எனக்கு என்ன தடை?

உன் அண்ணன்,
சிவசைலம்